சேற்றில் உறங்கியவை

ஆமையின் ஓட்டை மார்பில் அணியாகப் பூண்ட பெருமானே, கயிலையோடு எங்கள் ஊர்க் கேணிக்கரையையும் இருப்பிடமாகக் கொண்டவனே, நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி முடிக்க எனக்குத் துணை நிற்பாயாக.

தை மாதத்து நிறைமதியும் பூச நட்சத்திரமும் கூடிய இந்த நன்னாளில் எழுதத் தொடங்குகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பூசத்தன்றுதான் என் தம்பி தான் வளர்த்த பாலாமைகளைக் கோயில் கேணியில் விட்டான்.

தம்பி விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன்; மணம் செய்யாதவன். என் கணவர் காலமான பின் நான் அவனுடைய வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதே வீட்டின் பின்புறத் தொட்டியில், வனவிலங்குத் திணைக்களத்து அனுமதியோடு, ஒரு சோடிப் பாலாமை இருந்தது. நன்னீரில் வாழும் உயிர் அது. எங்கள் வலிகாமப் பகுதிக் குளங்கள் தூர்ந்ததாலும் தோட்டங்களுக்கு அடிக்கும் மருந்து மழைநீரோடு குளத்தில் இறங்கியதாலும் அருகிப்போயிற்று. பெட்டை இட்ட முட்டைகளைத் தம்பி ஈரமணலில் புதைத்துக் காத்தான். பொரித்த குஞ்சுகளை, இரு கையாலும் ஏந்தும் அளவுக்கு வரும்வரை மண்புழுவும் மீன்துண்டும் கொடுத்து வளர்த்தான். அதற்கிடையில் கிழட்டு ஆண் இறந்துபோயிற்று; தாய் மட்டும் தொட்டியில் எஞ்சிற்று.

“அக்கா, கேணியிலை ஒரு குஞ்சு தானாப் பொரிச்சு வந்திட்டுதெண்டால் நான் இந்தத் தொட்டியை இடிச்சுப்போடுவன்” என்று அடிக்கடி சொல்வான். அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன்.

விடும் நாளில் ஊர் திரண்டு வந்தது. நான் பதிகம் பாடினேன். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் மணியம் ஐயா சிரித்துக்கொண்டு கேட்டார்:

“மாஸ்ரர், பெருமாள் கோயிலிலை விடவேண்டிய சாமானைச் சிவன்கோயிலுக்குக் கொண்டு வந்திட்டியளே?”

“எங்கடை சுவாமியும் ஆமையோடு பூண்டவர்தான்” என்றேன் நான்.

“அவர் பூண்டது ஓட்டைத்தானே, அம்மா!”

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “அங்கை கேணிக்கு அடியெல்லாம் சீமெந்து போட்டிட்டினம். இஞ்சைதான் இன்னும் சேறு கிடக்கு. கோடைக்குத் தண்ணி வத்தினால் இதுகள் சேத்துக்குள்ளை புதைஞ்சு, மழை வருமட்டும் படுத்திருக்கும்” என்றான்.

“அப்ப எங்கடை மணியம் ஐயாவின்ரை சாதிதான்!” என்று பின்னால் ஓர் இளைஞன் சொல்ல, கேணிக்கரை முழுவதும் சிரிப்பு எழுந்தது. தம்பி சொன்ன செய்தி அந்தச் சிரிப்போடு போயிற்று.

ஆமைகளால் கேணிக்குப் பெருமை வந்தது. மாலைப் பூசைக்கு வருவோர் முதலில் கேணியை எட்டிப் பார்த்துவிட்டே உள்ளே போவார்கள். படிக்கட்டில் யாரும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதில்லை.

அந்த ஆண்டே ஆனி மாதம் தம்பிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போய், புண் ஆறும்வரை அங்கேயே தங்கினேன். நாங்கள் ஊரில் இல்லாத அந்த நாட்களில், ஆடித் தீர்த்தத்துக்கு முன் கேணியைத் தூர்வார இளைஞர்கள் முடிவு செய்தார்கள். அதற்கும் அந்த ஆமைகளே காரணம்: அவை அழுக்கில் கிடக்கக் கூடாதாம். மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை இறக்கி, அடிமண் வெள்ளையாகத் தெரியும்வரை வழித்தார்கள். கேணிச்சேறு தோட்டத்துக்கு நல்ல பசளை என்பது எங்கள் பகுதியில் எல்லோரும் அறிந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளில் அது சண்டிலிப்பாய்த் தோட்டங்களுக்குப் போயிற்று.

கண்ணில் மூடியோடு தம்பி நேரே கேணிக்குத்தான் போனான். கழுவிய பாத்திரம்போல் அது கிடந்தது.

“மாஸ்ரர், நாங்கள் அவசரப்படேல்லை” என்றான், முன்பு பகிடி விட்ட அதே இளைஞன். “பெக்கோ பட்டிடும் எண்டு தண்ணி முழுக்க வத்துமட்டும் பொறுத்திருந்தம். ஒண்டையும் காணேல்லை. வேறை குளத்துக்கு நடந்திட்டுதுகள் எண்டு நினைச்சுத்தான் இறக்கினனாங்கள்.”

தம்பி அவனை ஏசவில்லை. “மண் எந்தத் தோட்டத்துக்குப் போனது?” என்று மட்டும் கேட்டான்.

ஓட்டோவில் போனோம். சேற்றைக் காயவிட்டு, பரப்பி, உழுதாகிவிட்டது. தோட்டக்காரர் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களோடு வரம்பு வரம்பாக வந்தார்.

“உதுக்குள்ளை உயிர் கிடக்குமெண்டு ஆர் கண்டது, சேர்? சிரட்டைத் துண்டெண்டு நினைச்செல்லோ பொறுக்கி எறிஞ்சனான்.”

அவர் எறிந்தவற்றை நான் குனிந்து எடுத்தேன். ஆமையோடு பூண்டவனை வாழ்நாள் முழுவதும் வாயாரப் பாடியவள் நான். அந்த ஓடு எப்படி அவன் மார்புக்கு வந்தது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. கையில் இருந்த துண்டின் உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தது.

வாய்க்கால் ஓரத்தில் ஒன்று மட்டும் உயிரோடு அகப்பட்டது. தம்பி அதைப் புரட்டி, வாலை நல்ல கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

“இதுவும் பெட்டை, அக்கா.”

வேறு ஆண் தேடித் தென்மராட்சிக் குளங்கள்வரை எழுதியும் ஆள் அனுப்பியும் கேட்டான். சாவகச்சேரிப் பக்கம் ஒன்று இருப்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் அது வேறு இன ஆமை.

இப்போது தொட்டியில் தாயும் மகளும் இருக்கின்றன. சென்ற ஐப்பசி மழையோடு தாய் முட்டை இட்டது. தம்பி வழக்கம்போல் மணலைச் சலித்து, நனைத்து, முட்டைகளைப் புதைத்துச் சாக்கால் மூடினான்.

“தம்பி, ஆண் இல்லாமல் இட்ட முட்டையெல்லே?”

“தெரியும்.”

“பிறகேன்?”

“நீங்கள் பதிகம் பாடுறதை விட்டிட்டியளோ, அக்கா?”

“இல்லை.”

“அப்ப நானும் இதை விடமாட்டன்.”

சென்ற கிழமை அந்த மணல் நாறத் தொடங்கிற்று. அவன் கோயிலுக்குப் போயிருந்த வேளையில் முட்டைகளை எடுத்துத் தென்னையடியில் குழி தோண்டித் தாட்டேன். திரும்பி வந்தவன் வெறும் மணலைப் பார்த்தான். சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டுக் கால் கழுவப் போனான்.

இதை வாசிப்போர் அனைவரும் நோயின்றி, நீங்காத சுற்றத்தோடு நெடிது வாழ்க. மாரியில் உங்கள் ஊர்க் கேணிகள் நிறைக. கோடையில் அவற்றின் அடியில் ஒரு முழச் சேறேனும் மிஞ்சுக. அதில் உறங்குவது எதுவாயினும் எம்பெருமான் அதனைக் காத்தருள்க.