பாதிரிக்கு அடித்த மணி

எங்கள் தெருப் பக்கம் பாதிரி என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் தேவாலயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைத்தே முதுகு வளைந்த ஆள். எப்போதும் கறுப்புக் கோட்டு, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. துறைமுகத்தில் கெட்ட வார்த்தை பேசாத ஆம்பளையை வேறு என்னவென்று கூப்பிடுவது? யாரோ ஒருத்தன் விளையாட்டாகப் பாதிரி என்றான், அதுவே ஒட்டிக்கொண்டது.

நான் பெரில், அதே தெருக்காரி. 'வெள்ளித் தூண்டில்' பப்பில் பம்ப்பைப் பிடித்துப் பீர் இழுத்து இழுத்தே என் மணிக்கட்டு தேய்ந்தது. வீடு பப்புக்கு நேர் எதிரே. ரோட்டைத் தாண்டினால் வேலை, அதனால் பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று. முதலாளி லென் மம்பி தங்கமான மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

பாதிரி சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். கவுன்ட்டர் ஓரத்து ஸ்டூல் அவருடையது. தெரியாமல் வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சொல்லமாட்டார், பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அந்த ஆளே கூச்சப்பட்டு எழுந்துவிடுவான். அப்புறம் ஐவியும் க்ளிஃபும் வந்ததும் டோமினோ ஆட்டம். ஐவியின் புருஷன் மீன்பிடிக் கப்பலோடு ஐஸ்லாந்துப் பக்கம் போனவன், திரும்பவில்லை. க்ளிஃப் டாக்ஸி ஓட்டுகிறவன்.

"ஏய் பாதிரி, ஒரு காய் வைக்க நல்ல நேரம் பாக்குறியா?" என்பாள் ஐவி.

"உனக்குத்தான் பாக்குறேன் ஐவி. தோக்குறதுக்கு உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு."

க்ளிஃப் சிரிப்பான். ஐவி அவன் கையில் ஒரு தட்டு தட்டுவாள். இதேதான் தினமும். எனக்கு ஒருநாளும் சலிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. வாசலில் நின்று கை அசைக்கக் கூடாது. போய் வருகிறேன் என்று அவனும் சொல்லமாட்டான், ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பிப் போவான். கேட்டால் கடல் பிடித்துக்கொள்ளும் என்று பயம். கப்பல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து காலமாயிற்று, பயம் மட்டும் போகவில்லை. பப்பிலும் அதே சட்டம்தான். பெஞ்சாதி எப்படி இருக்கா என்று கேட்டு வைப்போம், அவள் போன மாதம் செத்திருப்பாள், எதற்கு வம்பு? சொல்கிறவன் சொல்லட்டும், நாமாகக் கேட்பதில்லை. பாதிரி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய உண்மைப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அப்போது அது மரியாதை என்று நினைத்தோம். மண்ணாங்கட்டி மரியாதை.

கடை மூடும்போது லென் கவுன்ட்டருக்கு மேலே தொங்கும் பித்தளை மணியை அடிப்பான். "நேரமாச்சு, நேரமாச்சு. உங்களுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா?" என்று ஒரு சத்தம் போடுவான். எல்லோரும் மிச்சத்தை விழுங்கிவிட்டு எழுந்திருப்பார்கள். லென் இல்லாத நாளில் அந்த வேலை என்னுடையது. கத்துவதற்கு எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அதே மணி இன்னொன்றுக்கும் அடிக்கும். எங்கள் வாடிக்கைக்காரர் யாராவது செத்தால், கல்லறைக்குப் போகிற வழியில் சவ வண்டி பப் வாசலில் நிற்கும். கிளாஸும் கையுமாக எல்லோரும் வெளியே வந்து நிற்போம். லென் மணியைக் கையில் எடுத்து வந்து அடித்து, செத்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நேரமாச்சுப்பா, உனக்கு வீடு வாசல் கிடையாதா?" என்பான். உயிரோடு இருந்தபோது அவனிடம் எந்தக் குரலில் சொன்னானோ அதே குரல். அப்புறம்தான் வண்டி நகரும். அதுவரை கல் மாதிரி நின்றவர்கள்கூட அந்த இடத்தில் மூக்கைச் சிந்துவார்கள். பாதிரி ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றிவிட்டு, வண்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்து எடுப்பார்.

வலை பின்னுகிற டான்னட்டின் சவ வண்டி போன அன்று எல்லோரும் உள்ளே போன பிறகும் பாதிரி வாசலிலேயே நின்றார்.

"பெரில், எனக்கும் அடிப்பீங்கல்ல?"

"உனக்கா? நீ எங்களை எல்லாம் புதைச்சுட்டுத்தான் போவே, பாரு."

"விளையாட்டு இல்ல பெரில். எனக்குன்னு பின்னால வர ஆள் யாரும் கிடையாது. இந்த வாசல்ல நின்னாத்தான் உண்டு. யாரும் பாக்காம சும்மா ஓட்டிட்டுப் போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

அந்த மனுஷன் அதுவரை ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நான் அடிக்கிறேன்யா. லென் அடிக்கலைன்னாலும் நான் அடிக்கிறேன். போதுமா?"

"போதும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் பப் போயிற்று. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் எங்கேயோ லண்டனில் இருக்கிறார்கள். எங்கள் தெருவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இடத்தை விற்று அடுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றுவரை ஒரு செங்கல் வைக்கவில்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள், அதோடு சரி.

கடைசி நாளன்று வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பார்கள், விலாசம் வாங்கியிருப்பார்கள். நாங்கள்? ஐவி தன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள். க்ளிஃப் மழை வரும்போலிருக்கிறது என்றான். பாதிரி வழக்கம்போல காலி கிளாஸை என் கைப்பக்கம் நகர்த்தி வைத்து, "சரி" என்றார். அந்த ஒரு "சரி"தான். கடலுக்குப் போகிறவனை அனுப்புகிற மாதிரி எல்லோரையும் வாயைத் திறக்காமல் அனுப்பி வைத்தோம்.

லென் மணியைக் கழற்றித் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தான். "நான் லிங்கன் ஊர்ல மக வீட்டுக்குப் போறேன். அங்க இதை அடிச்சேன்னா மருமகன் என்னை வெளிய தள்ளிடுவான். நீயே வச்சுக்கோ." அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதன் பிறகும் பாதிரி ஐந்து மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பலகை அடித்த கதவுக்கு முன்னால் நிற்பார், அண்ணாந்து பெயர்ப் பலகையைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்துப் போவார். எனக்கு ஜன்னலில் நின்று பார்க்கவே பொறுக்காது.

"ஈரத்துல நிக்காதேய்யா. உள்ள வா, டீ போடறேன்" என்று கத்துவேன்.

"வேணாம் பெரில். சும்மா திறந்துட்டாங்களான்னு பாக்க வந்தேன்."

"திறந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன், போ."

தெருமுனையில் திரும்பிப் போவார். எந்த வீட்டுக்குப் போகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கலாம். யார் போவார்கள்? எங்கள் ஊரில் அது நாகரிகம் இல்லையே.

மறு வருஷம் அக்டோபரில் அவர் வருவது நின்றது. ஒரு வாரம் சளி ஜுரம் என்று நினைத்தேன். அப்புறமும் ஆளைக் காணோம். ஐவிக்கு போன் போட்டேன், அவள் க்ளிஃபைப் பிடித்தாள். க்ளிஃப் டாக்ஸியிலேயே ஊரைச் சுற்றினான். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேஜையில் இருந்த பெண் தன்மையாகத்தான் கேட்டாள்.

"பேர் சொல்லுங்க."

ஐவி க்ளிஃபை முன்னால் தள்ளினாள்.

"பாதிரி" என்றான் க்ளிஃப்.

"பாதிரியாரா? எந்தத் தேவாலயம்?"

"இல்லம்மா, அவரு ஐஸ் உடைக்கிறவரு."

"அவரோட பேரு? விலாசம்?"

"கறுப்புக் கோட்டு போட்டிருப்பாரு" என்றாள் ஐவி. சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வருஷக்கணக்காக அந்த ஆளோடு காய் வைத்து விளையாடியவள், ஒரு பெயர் சொல்லத் தெரியாமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

ஐவிக்கு ஒரு பழக்கம், ஊர்ப் பேப்பரில் வருகிற மரண அறிவிப்புகளை வாரா வாரம் எனக்கு போனில் படித்துக் காட்டுவாள். தெரிந்தவர் யாராவது இருந்தால் பூ அனுப்பலாமே என்று. அந்த வாரமும் படித்தாள்.

"சிரில் ஓட்லிங்னு ஒருத்தரு. வியாழக்கிழமை அடக்கம். ஒரே வரிதான் போட்டிருக்கு கண்ணு, சொந்தபந்தம் யாருமில்ல போலிருக்கு. பாவம்."

"பாவம்தான். அடுத்தது படி" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் மாடியில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு சவ வண்டி மெதுவாக வந்தது. பின்னால் ஒரு கார்கூட இல்லை. யாரோ அநாதை என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். வண்டி போகவில்லை. வெள்ளித் தூண்டில் வாசலில் நின்றது.

உயரத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். பலகை அடித்த கதவைப் பார்த்தார், தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

அந்த வாசலில் எந்தச் சவ வண்டி நிற்கும்? வாடிக்கைக்காரன் வண்டிதானே நிற்கும். திரைச்சீலையை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி, மணியை எடுத்துக்கொண்டு, ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாக ரோட்டுக்கு ஓடினேன்.

"யாருங்க இது?" என்றேன்.

"திரு. சிரில் ஓட்லிங், அம்மா."

"ஐஸ் ஃபேக்டரிக்காரரா? கறுப்புக் கோட்டா?"

"ஆமா. கோட்டைப் போட்டுத்தான் வச்சிருக்கோம், அவரே கேட்டுக்கிட்டது. போன வருஷமே வந்து எல்லாம் சொல்லி வச்சுட்டுப் போனாரு. இந்த வாசல்ல நிறுத்தணும், மணி அடிப்பாங்கன்னாரு. அந்தக் கடை மூடிட்டாங்களே ஐயான்னு சொன்னேன். பரவாயில்ல, எதிர் வீட்டுல பெரில் இருக்கா, அவ அடிக்கிறேன்னு சொல்லியிருக்கான்னாரு."

மணியை ஏப்ரனோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

"எங்கேயிருந்து கொண்டு வர்றீங்க? அவரு வீடு எது?"

அவர் திரும்பித் தெருமுனையைக் காட்டினார். "பின் தெரு. உங்க வீட்டுக்கு நேர் பின்னால வரும்னு நினைக்கிறேன். அடுக்களை ஜன்னல்ல சிவப்பு ஜெரேனியம் தொட்டி இருக்குமே, அந்த வீடு."

கொல்லையில் துணி காயப்போடும்போதெல்லாம் நான் பார்க்கிற பூ அது. யாரோ பொம்பளை வளர்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பாதிரி மாதிரியே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்புறம் மணியைத் தூக்கி அடித்தேன். வெறும் தெருவில் அது எவ்வளவு சத்தம் போட்டது தெரியுமா? ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. பேப்பர் கடைக்காரர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்.

சிரில் என்று கூப்பிட வாய் வரவில்லை. அந்தப் பெயர் எனக்குப் பழக்கமில்லை.

"பாதிரி" என்றேன். "நேரமாச்சுய்யா. உனக்கு வீடு வாசல் கிடையாதா?"

எத்தனை வருஷம் அந்த மனுஷனிடம் இதைக் கத்தியிருப்பேன். ஒருநாள்கூட, உன் வீடு எங்கே என்று கேட்டதில்லை. அங்கேயே நின்று அழுதேன். தொப்பிக்காரர் அவசரப்படுத்தவில்லை.

"கல்லறைக்கு யாராவது வர்றாங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் வர்றேன்" என்றேன்.

வீட்டுச் செருப்போடு முன் சீட்டில் ஏறி, மணியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம், பின் தெரு வழியா விடுங்க" என்றேன். "அவரு வீட்டைப் பாத்துட்டுப் போயிடலாம்."