ஐந்தாவது வாள்பெட்டி

இதைச் சொன்னால் என் மனைவியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தக் கிட்டங்கிக்குள் மாட்டிக்கொண்டது அவள் இல்லை, நான்.

ஜப்பானில், நீகாத்தா பக்கம். மழைக்காலம், பட்டப்பகல். இகராஷி அம்மாள் வீட்டு ஜன்னலில்லாத மண் கிட்டங்கியில் ஐந்து பழைய ராணுவ வாள்பெட்டிகள் இருந்தன. விலை பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். முப்பது வருடமாக வாள் வியாபாரம். பேயைவிடத் துருவுக்குத்தான் எனக்குப் பயம்.

வாள்களின் பதிவுச் சீட்டுகளை எடுத்துவர அவர் வங்கிக்குக் கிளம்பினார்.

"கதவு மூடினா தாழ்ப்பாள் தானா விழுந்துடும். வெளியே இருந்துதான் தூக்க முடியும். பார்த்துக்கோங்க."

ஐந்தாவது பெட்டி காலி. அதையே கதவிடுக்கில் முட்டுக் கொடுத்தேன். வாள்பெட்டியைத் தரையில் போடுவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. காலிதானே என்று ஓர் அசட்டை.

மணி 2.10. மூச்சும் எச்சிலும் பட்டால் அலகு துருப்பிடிக்கும். வழக்கம்போல மடித்த தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு நான்காவது வாளை உருவினேன்.

அலகில் ஆவி படிந்தது. வட்டமாக. மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சை அடக்கினேன்... அப்போதும் படிந்தது.

டொக்.

தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. கும்மிருட்டு. கைபேசியில் சிக்னல் இல்லை, விளக்கு மட்டும் எரிந்தது. கதவிடுக்கில் பெட்டியைக் காணோம். அது அலமாரியில், பழைய இடத்தில், மூடியோடு இருந்தது.

கத்துவதற்காகத் தாளை எடுத்துச் சட்டைப்பையில் திணித்தேன். ஒரு முழம் கனமுள்ள மண்சுவர். யாருக்குக் கேட்கும்? மார்பு இறுகியது. எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் காரில். செத்தேன் என்றே நினைத்தேன்.

2.31. ஈ... என்று என் இழுப்பு.

அடுத்து இன்னோர் இழுப்பு.

பெட்டிக்குள்ளிருந்து.

மூடி நகர்ந்தது...

3.45-க்கு அம்மாள் திறந்தாராம். என் வாயிலிருந்து எதையோ உருவினார். பழுப்பேறிய, மடித்த தாள்.

என் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

இன்ஹேலரைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம், வாள்களைப் பறிமுதல் செய்ய அமெரிக்கர்கள் வந்தபோது, அவர் கணவரின் சித்தப்பா தன் ராணுவ வாளை ஒளிக்க இதே கிட்டங்கிக்குள் போயிருக்கிறார். சோதனை முடிந்து திறந்தால் பிணம். காயமே இல்லை. வாயில் கடித்த தாள்.

கதவுக்கு முட்டுக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"கொடுத்தாராம். சித்தி பார்த்திருக்காங்க. அந்த அஞ்சாவது பெட்டியைத்தான். திறக்கும்போது அது அலமாரியில இருந்துச்சாம்."