மூன்று கண் பாலத்துக்கு இரண்டு கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பாலத்துக்கான கணக்கு எதுவானாலும் இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. என் வீட்டுக்காரர் அரசாங்கத்தில் பாலம் கட்டும் இன்ஜினியர். நானோ கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சங்கரன்கோவிலில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள். அவர் ஸ்லைடு ரூலோடு முன்னறையில், நான் பென்சிலோடு அடுக்களையில். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

குருவிகுளம் சாலையில், ஓடைக்கு மேல் இரண்டு தூண் நிறுத்தி மூன்று கண் விட்ட பாலம் கட்ட வேண்டும். மழை பெய்தால் அக்கரை ஊர்கள் அப்படியே துண்டாகிவிடும் என்பதால் மேலிடம் விரட்டியது. இவரும் சட்டத்தை மீறித் தன் கணக்கை மட்டும் வைத்து வரைபடம் அனுப்பி, ஒப்புதலும் வாங்கிவிட்டார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வீம்புக்கென்றே நானும் போட்டேன். கம்பியெல்லாம் கட்டி, மறுநாள் காலை கான்கிரீட் கொட்ட வேண்டும் என்ற நிலையில் என் விடை வந்தது.

நடுக் கண்ணில் பாரம் நிற்கும்போது தூண்களின் தலைமேல் தளம் எவ்வளவு வளையப் பார்க்கும் என்பதுதான் கேள்வி. அவர் விடையைவிட என் விடை பெரிது. அது சரியென்றால் அங்கே கட்டிய கம்பி போதாது. தளம் மேல்புறத்தில் விரிசல் விடும்.

“உன் கணக்குதாம்ட்டி தப்பு” என்றார்.

“பாக்காமலே சொல்லுதியளே!”

அந்தக் கணக்கு, சண்டை போடும் சம்பந்திகளைச் சமாதானம் செய்வது மாதிரி. ஒரு தூணின் இரு பக்கமும் வளைவு சமமாக வேண்டும். மிஞ்சுவதைப் பங்கிட்டு, அதில் பாதியை அடுத்த முனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மிஞ்சினால் மறுபடி பங்கீடு. கரையோர முனை மட்டும் பிடிமானமில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்கென்று முதலிலேயே பங்கில் கழிவு கொடுத்துவிட்டால் பிறகு அங்கே எதையும் அனுப்பக் கூடாது. இவர் கழிவும் கொடுத்து, அனுப்பியும் இருந்தார். கணக்குப் போடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

வாயால் சொன்னால் ஏற்கவில்லை. பருத்திப் பொதி கட்டும் இரும்புப் பட்டை ஒன்றை நிமிர்த்தி, கரைக்கு இரண்டு, தூணுக்கு இரண்டு என்று கவிழ்த்த நான்கு டம்ளர்கள் மேல் வைத்து, நடுவில் பூட்டைத் தொங்கவிட்டேன். இரு ஓரமும் டம்ளரை விட்டு எழும்பின.

“பிடிமானமே இல்லாம எந்திரிச்சு நிக்குது பாருங்க. இங்கன போயி பாதியை ஏன் அனுப்புனிய?”

ஓரத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடி அமுக்கினார். முகம் வெளுத்துவிட்டது.

“ஒப்புதல் வாங்குன படம். தப்புன்னு நானே சொன்னா வேலைக்கே உலை வச்சிருவாங்க.”

“சொல்லலேன்னா?”

சட்டையை மாட்டினார். இரண்டு பேர் தாளையும் எடுத்துக்கொண்டு, பெரிய இன்ஜினியர் தங்கியிருந்த பங்களாவுக்குப் புறப்பட்டார். ‘கடவுளே, நான் பேசாமல் புளியையே கரைத்திருக்கக் கூடாதா’ என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். பெரிய இன்ஜினியர் காய்ச்சி எடுத்துவிட்டாராம். கடைசியில், “தப்பைக் கண்டுபிடிச்சது யாருய்யா?” என்று கேட்டாராம்.

“என் வீட்டுல, சார்” என்றாராம் இவர்.

பெரியவர் இரண்டு தாள்களையும் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னாராம்.

கம்பி கூடியது. மழைக்கு முன்னே கான்கிரீட்டும் போட்டாயிற்று. தளம் இறுகியபின் கல் ஏற்றிய வண்டிகளை நடுக் கண்ணில் நிறுத்திச் சோதித்தார்கள். தூண்களுக்கு மேலே நான் குனிந்து குனிந்து தேடினேன். மயிரிழை விரிசல்கூட இல்லை. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருக்கட்டுமே. பெரியவர் எல்லாவற்றையும் பார்த்தார்; ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த பாலத்தின் விவரங்கள் பெரியவரிடமிருந்து தபாலில் வந்தன. என் வீட்டுக்காரர் உறையைப் பிரித்தார், சிரித்துக்கொண்டே அடுக்களைக்கு வந்தார். எல்லாத் தாளும் இரண்டிரண்டு பிரதி.