வெறும் பிளாஷ்

என் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் போட்டோகிராபர். இரவல் கேமரா, ஒரே ஒரு பிலிம் ரோல், அதில் முப்பத்தாறு படம். சர்ச்சில் தாலி கட்டி முடிப்பதற்குள் இருபத்தைந்து போய்விட்டது. பந்தி முடிந்தபோது மிச்சம் இரண்டே இரண்டு. அவற்றைப் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறும்போதுதான் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? வரிசை கட்டி நின்றார்கள். அப்போது படம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. கேமராவின் தலையில் மாட்டிய பிளாஷில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று அடிக்கும், பிலிம் செலவாகாது. நானும் கூசாமல் அடித்தேன்.

அப்படி ஏமாந்தவர்களில் நத்தத்து அத்தையும் மாமாவும் உண்டு. கேமரா என்றாலே மாமாவுக்கு ஆகாது. கெஞ்சிக் கூத்தாடி அவரை இழுத்து வந்திருந்தாள் அத்தை. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மருமகனே, எங்க படம் என்னாச்சு?" பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"பிலிம்ல வெளிச்சம் பட்டுப் போச்சு அத்தை."

புளுகிவிட்டேனே தவிர, மனசு உறுத்தியது. அதனால் நத்தம் போகும்போதெல்லாம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிப் போனேன். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

இப்போது என் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள். பாதி, சாப்பிட்ட தட்டுகள். சாம்பாருக்குக் கிடைத்த மரியாதை அத்தைக்குக் கிடைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. போன மாதம் நத்தம் போய், இருவரையும் மாமரத்தடியில் நிறுத்தி, நாற்பது படம் எடுத்தேன். முதல் பத்தில் மாமா முறைத்தார். அதற்குப் பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் அத்தை. "மத்தவங்கள எடுத்தப்பல்லாம் கட்டைவிரலால எதையோ சரக்குன்னு இழுத்த. எங்களுக்கு இழுக்கவேயில்லையே!"

பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் விசை அது. அம்புட்டுக் கூட்டத்தில் அதைக் கவனித்திருக்கிறாள்!

"அப்புறம் எதுக்கு அத்தை இம்புட்டு வருசமா கேட்டீங்க?"

"கேக்காட்டி நீ இந்தப் பக்கம் வருவியா?"

எனக்கு அந்த நிமிடம் அத்தையை அவ்வளவு பிடித்துப்போனது.

"சரி, போன்ல இருந்தா அது படமா? கழுவிக் கொண்டா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், இருப்பதிலேயே நல்ல படத்தைப் பிரிண்ட் போட்டு, பிரியாணியோடு கொண்டுபோனேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா கண்ண மூடிட்டாரு. இது சரிப்படாது. அடுத்த வாரம் வந்து இன்னொண்ணு எடு," என்று சொல்லிக்கொண்டே அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள்.

படத்தில் மாமாவின் கண்கள் நன்றாகத் திறந்துதான் இருந்தன.

"வாரேன் அத்தை," என்றேன்.