குவைத்திலிருந்து வந்த பெயர்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது கம்பளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் யுத்தத்தின் கடைசி வருடங்களில் அங்கே ஒரு கொமியூனிகேஷன் நடத்தினேன். வெளிநாட்டு டெலிபோன் கோல், போட்டோக் கொப்பி, மூலையில் இன்டர்நெட்டோடு இரண்டு கம்ப்யூட்டர். பொம்பளைப் பிள்ளை தனியாகக் கடை நடத்துவதாவது என்று நையாண்டி பேசியவர்களே, பிறகு டுபாயில் இருக்கும் மகளோடு பேச என் கடைக்குத்தான் வந்தார்கள்.

வழக்கமாக வருபவர்களில் ஓர் அக்கா இருந்தார். நாவலப்பிட்டிப் பாதையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கிராமம். டவுனில் புடவைக் கடையில் வேலை. அவருடைய தங்கை குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். தங்கையின் மகளை அக்காதான் வளர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் தங்கையை வெளியே போக விடுவார்கள். அங்கே அவர் ஓர் இன்டர்நெட் கடையில் உட்காருவார், இங்கே அக்காவும் பிள்ளையும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். மூன்று பேரும் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை முழங்கையில் கட்டோடு வந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ஓடை. அதன் மேலிருந்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஊரார் இரண்டு கித்துள் மரங்களைத் தறித்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். மழையில் அது வழுக்கி, பிள்ளை விழுந்து, கரையோரக் கொப்பு ஒன்று கையில் அகப்பட்டதால் தப்பியிருக்கிறாள். பாலத்தைக் கேட்டால் பிரதேச சபை தோட்ட நிர்வாகத்தைக் காட்டும், தோட்டம் சபையைக் காட்டும். 

திரையில் தாய் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. "அக்கா, இனி அவள அனுப்பாத. படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வரும்போது எம்புள்ள உசிரோட இருந்தா போதும்." அந்த வருடம்தான் அவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தாள். கெட்டிக்காரி. அவள் பெரியம்மாவையும் பார்க்காமல், தாயையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாலம் போட வைப்போம், அழாதீங்க," என்றேன். என்னிடம் என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றுமில்லை, வாய்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரதேச சபை இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது. இளம் சிங்கள உறுப்பினர் ஒருவரின் முயற்சி. ஊர்க்குறையை யாரும் அதில் எழுதலாம், எழுதியதை எல்லாரும் பார்க்கலாம், கூட்டத்தில் வாசிப்பார்கள். அன்றே என் பெயரைப் போட்டு எழுதினேன். சில நாளில் பதில் வந்தது. நீங்கள் அந்தக் கிராமத்தில் வசிப்பவர் அல்ல, வசிப்பவர்கள் பெயர் விலாசத்தோடு எழுதினால் கவனிக்கிறோம்.

"அக்கா, உங்க பேரச் சொல்லுங்க, டைப் அடிக்கிறேன்," என்றேன்.

அக்கா கதிரையை விட்டு எழுந்துவிட்டார். வாசலைப் பார்த்தார். "ஐயோ புள்ள, பேரு மட்டும் வேணாம்." மெல்லச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இனக்கலவரத்தில், கண்டி டவுனில் என் அப்பாவின் கடையைக் கொளுத்த வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தமிழ்ப் பெயரைப் பார்த்துப் பார்த்துத்தான் கொளுத்தினார்கள். ஓட்டுப் போடக் கொடுத்த பெயர்! அதற்குப் பிறகு யுத்தம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். கொழும்பில் குண்டு வெடித்தால் எங்கள் டவுனில் தமிழ்ப் பெயர் உள்ளவனை ஜீப்பில் ஏற்றுவார்கள். அப்படியான காலத்தில், உலகமே பார்க்கும் இடத்தில் பெயரைப் போடு என்றால் யார் போடுவார்? ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கே போய்க் கேட்டேன். பாலம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெயர் என்றதும் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

அடுத்த வெள்ளி தங்கை திரையில் வந்ததும், அக்காவை வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

தங்கை திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "என் பேரப் போடுங்க," என்றார். "பாஸ்போட்ல உள்ள முழுப் பேரையும் போடுங்க. வீட்டு நம்பரையும் போடுங்க. எந்தப் பொலிஸ் குவைத்துக்கு வந்து என்னைய புடிக்கிறான்னு பாக்குறேன்!"

"அடிப் பாவி, வாய மூடு," என்றார் அக்கா.

"நீ மூடிக்கிட்டே இரு. எம்புள்ள ஓடையில போகட்டும்."

அக்காவுக்கு அது நன்றாகப் பட்டிருக்க வேண்டும். அன்று அவர் என்னிடம் விடைபெறாமலே போனார்.

தங்கை தன் பெயரோடு நிற்கவில்லை. அதே கிராமத்திலிருந்து வெளிநாடு போன பெண்களையெல்லாம் தேடிப் பிடித்தார். சபையின் பக்கத்துக்குக் குவைத்திலிருந்து பெயர்கள் வந்தன, டோஹாவிலிருந்து வந்தன, பெய்ரூட்டிலிருந்தும் வந்தன. தமிழ்ப் பெண்களோடு சிங்களப் பெண்களும் எழுதினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அந்தக் கித்துள் மரத்தில்தானே நடந்தார்கள்! முழுப் பெயர், ஊர் விலாசம், கீழே ஒரே கேள்வி: எங்கள் பாலம் எங்கே?

சபைக் கூட்டத்தன்று அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். பார்வையாளர் உட்காரும் வாங்கில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இளம் உறுப்பினர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். சபைத் தலைவரான தவிசாளர் சிரித்தார்.

"என்ன, குவைத்துக்குப் பாலம் போடச் சொல்கிறார்களா?" என்றார் சிங்களத்தில். சபையும் சேர்ந்து சிரித்தது. "இதில் ஒருவராவது இந்த நாட்டில் இருக்கிறாரா? அந்த ஓடையைக் கடக்கிற ஒரே ஒரு ஆள் சொல்லட்டும், நான் செய்கிறேன்."

எனக்குத் தலைக்கேறியது. எழும்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். இந்த மனுஷி இங்கேயும் பேச விடமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து நின்றார்.

"நான் கடக்கிறேன்," என்றார் சிங்களத்தில். தன் பெயர், தகப்பன் பெயர், வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் சொன்னார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சொல்லி முடித்தும் உட்காரவில்லை. குறிப்பெடுத்த கிளார்க்கைப் பார்த்து, "எழுதினீங்களா? வாசிச்சுக் காட்டுங்க," என்றார்.

கிளார்க் தவிசாளரைப் பார்த்தார். தவிசாளர் தலையசைத்தார். கிளார்க் அக்காவின் பெயரைச் சத்தமாக வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேரே கடைக்கு வந்தோம். "என் பேரையும் அதுல போடு புள்ள. தங்கச்சி பேருக்கு மேல வரணும், மூத்தவ நான்." கடைசியாக எழுதியதுதான் அந்தப் பக்கத்தில் மேலே நிற்கும். அவருக்குப் பரம திருப்தி.

அந்தக் கிழமையே இரண்டு பொலிஸ்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்து, இன்டர்நெட்டில் என்ன எழுதுகிறாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு அவர் தூங்கவில்லையாம். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். மாலையில் என் கடையில் திரையைப் பார்த்தவர், "அட, என் தலை மேல ஏறி உக்காந்தது யாரு?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு மேல் அவருடைய மச்சான், அதற்கும் மேல் தேத்தண்ணிக் கடைக்காரர். எல்லாரும் ஊரில் இருப்பவர்கள். அக்கா ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பரீட்சைக்கு முன்பே பாலம் வந்தது. அதற்குப் பிறகு பிள்ளை ஒருநாளும் பள்ளிக்கூடத்தைத் தவறவிடவில்லை. ஆனால் சபை ஒரு பக்கத்துக்குத்தான் கைப்பிடி வைத்தது. திறந்த அன்றே அக்கா கடைக்கு வந்தார். வாசலைப் பார்க்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரோட்டுக்குக் கேட்கும் குரலில் தன் முழுப் பெயரையும் சொன்னார்.

"அடி புள்ள," என்றார். "மத்தப் பக்கக் கைப்பிடி எங்கன்னு கேளு."