பிரிவதற்கு ஒரு கல்யாணப் பதிவு

சேர்ந்து வாழ்ந்தபோது கேட்காத சர்ட்டிபிகேட்டை, பிரியப் போனபோது கேட்டார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டால் கல்யாணம் முடிந்தது. பதிவு ஆபீஸ் பக்கம் யார் போனார்கள்?

"அக்கா, பிள்ளைங்க பெர்த் சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கு. கல்யாண சர்ட்டிபிகேட் எங்க?" என்றார் வக்கீலம்மா.

"கோயில்ல கட்டினது, அவ்வளவுதான்."

"அப்ப முதல்ல கல்யாணத்தப் பதியணும் லா. அப்புறம்தான் டிவோர்ஸ்."

சீ, இதென்ன கூத்து என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். மகனும் மகளும் என்னிடமே இருக்க வேண்டும். என் கணவருடைய அண்ணன்மார் நிபோங் திபால் ஊரிலிருந்து, பையன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மனம் மாறுவதற்குள் இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், லீவு போட்டு ஃபெரியில் வந்தார். பதிவு ஆபீஸ் பெஞ்சில் கல்யாணப் போட்டோவோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரிலிருந்த மலாய்க்காரப் பெண் சர்ட்டிபிகேட்டை நீட்டி, "தஹ்னியா" என்று சிரித்த முகத்தோடு வாழ்த்தினாள். அவரும் நன்றி சொன்னார்! எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

படி இறங்கும்போது, "சாப்பிட்டியா?" என்றார். அதை என்னிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனோம். வக்கீலம்மா மனுவை வாசித்துக் காட்டினார்.

"பிள்ளைங்க ரெண்டு பேரும் அம்மாகிட்ட. சரிதானே அண்ணே?"

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார்.

"நீங்க எந்தக் கிழமை பார்க்க வருவீங்க?"

"அதெல்லாம் எழுத வேணாம் லா. முடிஞ்சா வரேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மல்லுக்கு நிற்கத் தயாராக வந்திருந்தேன், எதிரே ஆளே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இனி நான் ஒருத்திதான் என்று அந்த நாற்காலியில்தான் உறைத்தது. கோபம் கோபமாக வந்தது. "ஞாயித்துக்கிழமைன்னு போடுங்க" என்றேன். அவர் அதற்கும் கையெழுத்துப் போட்டார். பிறகு கோர்ட்டில் நீதிபதியும் அதை அப்படியே ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல உடுப்புப் போட்டு முன்னறையில் உட்கார வைப்பேன். "அப்பா வரலையாம்மா?" என்பான் மகன். "ஃபெரி லேட்டா இருக்கும்டா" என்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதையே சொல்வேன்.

மகள் எதுவும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை, அவளுடைய நல்ல கவுனை நான் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வீட்டு கவுனே போதும்மா" என்றாள்.