கோல்ட் கிரேவியின் வேகம்

என் தம்பி நெவில் ஹார்க்ரீவ்ஸ் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜை, பஸ் ஸ்டியரிங், சர்ச் பெஞ்சு, எங்கள் அப்பாவின் சவப்பெட்டி, எது கிடைத்தாலும் விரல்கள் தாளம் போட ஆரம்பித்துவிடும். "தட்டாதேடா!" என்று கத்தியே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் பர்ன்லியில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருடங்களில், வேலைவெட்டி இல்லாத மூன்று பயல்கள் எங்கள் வீட்டு நிலக்கரிக் கொட்டகையில் படுவேகமாக அடித்துக் கத்திப் பாடுகிற ஒரு பங்க் பாண்ட் தொடங்கினார்கள். கிளைவ் பாட்டு, ஹோவர்ட் கிட்டார், நெவ் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கோல்ட் கிரேவி, அதாவது ஆறிப்போன குழம்பு, என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. அம்மா ஒரு வாரம் அவர்களுக்கு டீ போடவில்லை.

முதல் நிகழ்ச்சியில் கூட்டம் அவர்கள் மேல் காறித் துப்பியது. அந்தக் காலத்தில் அதுதான் பாராட்டு. எச்சில் சட்டைகளைத் துவைத்தது நான். பிறகு பாண்ட் பெயர் போட்ட பனியன்களை விற்க மேஜை போட்டு உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. நெவ் வாரம் முழுக்க பஸ் ஓட்டினான், சனிக்கிழமை டிரம்ஸ் அடித்தான். இப்படியே நாற்பது வருடம் ஓடியது.

பிரிந்தது காசுக்காக இல்லை, பெண்ணுக்காகவும் இல்லை. வேகத்துக்காக. அறுபது தாண்டியதும் கிளைவுக்குப் பாடும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"கொஞ்சம் மெதுவா அடிங்கப்பா. வார்த்தையாச்சும் ஜனங்களுக்குப் புரியட்டும்."

"நாப்பது வருஷமா புரியாமத்தானே கேக்குறாங்க?" என்றான் ஹோவர்ட். "மெதுவா பாடணும்னா போய் கல்யாண வீட்ல பாடு."

அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு ஊரில் இரண்டு கோல்ட் கிரேவி. கிளைவுடையது மெதுவானது, ஹோவர்டுடையது வேகமானது. இரண்டிலும் டிரம்ஸ் என் தம்பிதான். எவனிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத ஜென்மம். இரண்டு பக்கமும் பனியன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

போன கோடையில் மோர்கம் கடற்கரையில் பங்க் விழா. அதை நடத்துகிற டெபி கறாரான பொம்பளை. "எனக்கு ஒரு கோல்ட் கிரேவிதான் வேணும். நெவ் எங்க உக்கார்றாரோ அதுதான் கோல்ட் கிரேவி" என்று சொல்லிவிட்டாள். உடனே கிளைவ் போன் செய்தான். நெவ் சரி என்றான். அடுத்து ஹோவர்ட் போன் செய்தான். அவனுக்கும் சரி என்றான்.

"உனக்கென்ன மூளை கழண்டு போச்சா?" என்றேன்.

"ரெண்டு பேரும் வரட்டும், பாலின். டிரம்ஸ் சத்தம் கேட்டா நிக்க மாட்டானுங்க. ஓடி வந்துருவானுங்க."

"வரலன்னா?"

"இத விட்டா எனக்கு வேற ஏது சான்ஸ்?"

அவனுடைய வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. இனிமேல் டிரம்ஸ் குச்சியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மோர்கம்தான் கடைசி. இது எனக்கு மட்டும் தெரியும். "என்னைப் பாவம் பாத்து அவனுங்க வர வேணாம், சொல்லிடாத" என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

விழா நாளில் மேடையின் இடது ஓரம் கிளைவ், வலது ஓரம் ஹோவர்ட். ஒருவனை ஒருவன் பார்த்ததும் இரண்டு முகமும் கடுகடுத்தன. நடுவில் நெவ் ஆரம்பித்துவிட்டான். அவர்களுடைய முதல் பாட்டு டிரம்ஸில்தான் தொடங்கும், பிறகு கிட்டார் நுழைய வேண்டும். கொட்டகையில் அடித்த அதே பழைய வேகத்தில் அடித்தான். கிட்டார் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து அடித்தான். கூட்டம் இதை ஏதோ வேடிக்கை என்று நினைத்து, கைதட்டிக்கொண்டே பிளாஸ்டிக் டம்ளர்களை மேலே வீசியது. ஹோவர்ட் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு காலை மேடையில் எடுத்து வைத்துவிட்டான். வாடா, வாடா என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நெவ்வின் வலது கை இறங்கிவிட்டது. தூக்கப் பார்த்தான், முடியவில்லை. இடது கையை வைத்துச் சமாளித்தான். தாளம் பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. அது கிளைவின் வேகம். கிளைவ் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நடந்து வந்து மைக்கைப் பிடித்தான். ஹோவர்ட் வைத்த காலை எடுத்துக்கொண்டான். நான் பனியன் மேஜையைத் தள்ளிவிட்டு அவனைப் பிடிக்க வாசலுக்கு ஓடினேன். அவன் கார் கிளம்பிவிட்டிருந்தது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். குழம்பு ஊற்றிய சிப்ஸ் நெவ்வின் மடியில் தொடாமல் கிடந்தது. இரண்டு கைகளும் அதன் பக்கத்தில் அப்படியே கிடந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

"ஏதாவது தட்டேன்டா."

"எதுக்கு?"

சத்தியமாவது மண்ணாவது. பர்ன்லி வந்ததும் நேராக ஹோவர்ட் வீட்டு வாசலில் நிறுத்தி, மணியை அழுத்திய விரலை எடுக்கவேயில்லை. கதவைத் திறந்தான்.

"உன் தம்பி கிளைவ் பக்கம் சாஞ்சுட்டான்ல? கிளம்பு."

"சாஞ்சது அவன் இல்லடா முட்டாளே, அவன் தோளு! இனிமே அவனால அடிக்கவே முடியாது. கடைசியா ஒரு தடவை உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும்னுதான் வந்தான்."

ஹோவர்ட் வீட்டுச் செருப்போடு கார்வரை வந்தான். கண்ணாடி வழியாக நெவ்வின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பின்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

"கிளைவ் வீட்டுக்கு விடு."

வண்டியை எடுத்தேன். நெவ் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை தாண்டியதும் அவன் சீட்டின் முதுகில் ஹோவர்டின் விரல்கள் அந்த முதல் பாட்டின் தாளத்தைத் தட்ட ஆரம்பித்தன. தன்னால் முடிந்த முழு வேகத்தில் தட்டினான்.

நெவ் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மெதுவா இருக்குடா," என்றான்.